இரண்டாம் பக்கத்துக்குப் போன வரி

இன்று காலை மழையோடு மின்சாரமும் போய் வந்தது. வந்த வேகத்தில் மருந்தகத்து அச்சு இயந்திரம் விழித்துக்கொண்டு, பாதியில் நின்றுபோயிருந்த தாளை வெளியே தள்ளியது. எடுத்தேன். சூடாக இருந்தது. மழைக்காலத்தில் ஜமுனாமரத்தூரில் தாள்கட்டுகூடச் சில்லிட்டுக் கிடக்கும். ஆனால் இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய் வரும் தாள், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் துடைத்த துணி மாதிரி வெதுவெதுப்பாக வரும். கூடவே வெந்த மையின் வாசனை. நீ அதை எடுத்ததும் படிக்கமாட்டாய். முதலில் கன்னத்தில் வைத்துக்கொள்வாய். "குளுருக்கு இதான் அக்கா நம்ம ஹீட்டரு" என்பாய். அப்புறம்தான் மேஜைமேல் போட்டு ஸ்டீல் ஸ்கேலைத் தேடுவாய்.

நான் கன்னத்தில் வைத்துக்கொள்ளவில்லை. வெளியே பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் உடனே கீழே வைக்கவும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அதனால்தான் இப்போது, சாப்பாட்டு வேளையில், டிபன் பாக்ஸைத் திறக்காமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் முதன்முதலில் பேசியது, நீ நியாயம் கேட்டு வந்தபோதுதான். எங்கள் மருத்துவமனையைப் பற்றி உனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன இடம். ஒரு டாக்டரம்மா, சில நர்சுகள், மருந்தகத்தில் நான். படவேட்டிலிருந்து இந்த வேலைக்காக மலையேறி வந்து, வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கியவள். யாருக்கு என்ன மருந்து, எந்த வேளைக்கு எவ்வளவு என்று டாக்டரம்மா கணினியில் பதிவார். அது இணையப் பக்கமாகத் திரையில் வரும். அதையே அச்செடுத்து நோயாளி கையில் கொடுப்போம். எப்போதோ ஒரு தன்னார்வலர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பக்கம். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தாளுக்கு வரும்போது இடப்பக்கத்துப் பட்டன்களும் சேர்ந்து வரும். அடியில் நீளமாக ஓர் இணைய முகவரி வரும். நடுவில் மருந்துப் பட்டியல் எறும்பு ஊர்கிற மாதிரி வரும். நாங்கள் பழகிவிட்டிருந்தோம். பேனாவால் சுழித்துக் காட்டி, வாயாலும் சொல்லி அனுப்புவோம்.

படவேட்டில் கோயில் விசேஷத்துக்காக நான் விடுப்பில் போயிருந்த நேரத்தில் உன் அண்ணி செல்வி வந்து மருந்து வாங்கிப் போயிருக்கிறாள். இதயத்தில் வால்வு மாற்றியவள். இரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போடவேண்டியவள். அந்த மாத்திரை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. நான் திரும்பி வந்த பிறகு ஒருநாள் காலையில் நீ ஜன்னலண்டை வந்து ஒரு தாளை என் முன்னால் வைத்தாய். அழுது முடித்த முகம். குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"இத பிரிண்ட் எடுத்தது யாருங்க?"

"இங்கதான் எடுத்தது. இன்னாம்மா ஆச்சு?"

"எங்க அண்ணி வேலூர் ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்குது. மூக்குல ரத்தம், ஈறுல ரத்தம், நிக்கவே மாட்டேன்னுது. இந்த மாத்திரைய தெனம் ஒன்னு போட்டுச்சாம். தோ, இதுல அப்பிடித்தான இருக்குது?"

பார்த்தேன். பட்டியலில் கடைசி வரி. மாத்திரையின் பெயர், எதிரே 'இரவு: ஒன்று'. அதோடு தாள் முடிந்திருந்தது. செல்விக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் முழு மாத்திரை, மற்ற நாளெல்லாம் அரை என்பது எனக்கே தெரியும்.

"மறுபடி ஒரு தடவ பிரிண்ட் குடுங்க. நான் பாக்கணும்" என்றாய்.

கொடுத்தேன். இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. நின்றது. பிறகு இன்னொன்றைத் தள்ளியது. இரண்டாவது தாளில் உச்சியில் ஒரே ஒரு வரி இருந்தது: 'செவ்வாய், வெள்ளி மட்டும். மற்ற நாட்களில் அரை.' அதற்குக் கீழே வெள்ளையாகக் கிடந்தது. அடியில் அந்த இணைய முகவரி. செல்வி வந்த அன்றைக்கு அந்தத் தாளைப் பார்த்தவர்கள் வீண் தாள் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருக்கவேண்டும்.

நீ இரண்டு தாளையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்தி வைத்தாய். "ஒன்னுன்றது இங்க நின்னுட்ச்சு. மீதி அங்க போய்ட்ச்சு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

நீ டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கத்துவாய், கூட்டம் சேரும் என்று நான் எதிர்பார்த்தேன். டாக்டரம்மா சத்தம் கேட்காமலே வெளியே வந்தார். இரண்டு தாளையும் பார்த்தார். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீ அவரிடம் கேட்ட கேள்வி எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

"இந்தப் பக்கத்த எழுதுனது யாரு?"

"எந்தப் பக்கம்மா?"

"வெப் பக்கம்ங்க. திரைல தெரியுதே, அது. பேப்பருக்குப் போகும்போது எப்பிடி நடந்துக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. நான் செய்றேன். இதான் என் வேலயே."

உலகத்தில் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்து, திருவண்ணாமலையில் கணினி படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாய். காப்பீட்டுப் பத்திரம், மதிப்பெண் சான்றிதழ், மின்கட்டண ரசீது என்று இணையத்தில் இருப்பதையெல்லாம் மில்லிமீட்டர் பிசகாமல் தாளில் கொண்டுவருவது உன் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொன்னதும் மலைக்குத் திரும்பி, உங்கள் ஊரில் சிக்னல் இல்லாததால் ஜமுனாமரத்தூரில் அறை எடுத்திருந்தாய். நாம் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்திருக்கிறோம். வாரச்சந்தையில் ஒரே கடையில் தக்காளி பொறுக்கியிருக்கலாம். தெரியவில்லை.

செல்வி பிழைத்துக்கொண்டாள். அவள் வேலூரிலிருந்து திரும்புவதற்கு முன்பே நீ வேலையைத் தொடங்கிவிட்டாய். உன் கம்பெனி வேலை முடிந்து சாயங்காலம் லேப்டாப்போடு மருந்தகத்துக்கு வருவாய். நோயாளிகளின் விவரம் எதுவும் வெளியே போகக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் நீயே ஒரு நோயாளியை உண்டாக்கினாய். அவருக்குச் சோதனைசாமி என்று பெயர் வைத்தாய். தகப்பன் பெயர், ஊர் பெயரெல்லாம் முடிந்தமட்டும் நீளமாக. உலகத்திலுள்ள வியாதியெல்லாம் அந்த மனிதருக்கு வந்தது. சர்க்கரை, காசநோய், வலிப்பு, மூட்டுவலி, கண்ணில் புரை. மருந்துப் பட்டியலை நீட்டி நீட்டி, எந்த இடத்தில் தாள் முடிகிறது, எந்த வரி உடைகிறது என்று பார்ப்பாய். "பாவம்டி அந்த ஆளு" என்று நான் சொன்னால், "அவரு தாங்குவாரு அக்கா. நெஜ ஆளுங்கதான் தாங்க மாட்டாங்க" என்பாய்.

முதல் நாளே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வரியைக் காட்டினாய். ஒரு பட்டியலின் வரிசை எதுவும் பக்கத்தின் நடுவில் உடையக்கூடாது, இடம் போதாவிட்டால் முழுதாக அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டும் என்கிற கட்டளை அது. இத்தனூண்டு. "இந்த ஒரு வரிதான் அக்கா. இத எழுதாம வுட்டதுக்குத்தான்..." என்று ஆரம்பித்து, திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் எழுந்துபோய் டீ வாங்கி வந்தேன்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதுதான் ஆரம்பம். இரண்டாவது பக்கம் வந்தால் அதிலும் நோயாளி பெயர் இருக்கவேண்டும் என்றாய். பட்டியலின் தலைப்பு மறுபடி வரவேண்டும் என்றாய். முதல் பக்கத்தின் அடியில் 'இன்னொரு பக்கம் இருக்கிறது' என்று பெரிதாக இருக்கவேண்டும் என்றாய். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரைந்தாய். திரையில் மஞ்சள் சூரியன் பளிச்சென்று இருந்தது. அச்செடுத்தால் சூரியனைக் காணோம். நிலாவும் இல்லை. வெறும் கட்டங்கள்.

"இன்னாடி, கிரகணமா?" என்றேன்.

நீ மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாய். மையை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் இருக்கும் வண்ணத்தையெல்லாம் பிரவுசர் தானாகவே விட்டுவிடுமாம். பின்னணியிலிருந்து எடுத்து, கறுப்புக் கோட்டால் வரைந்து, எழுத்துக்குப் பக்கத்தில் முன்னால் கொண்டுவந்து வைத்தாய். அன்றிலிருந்து எங்கள் நோயாளிகளுக்குச் சூரியன் கறுப்புதான்.

அதைவிட மோசம் தமிழ் எழுத்துகள். யாருடைய கணினியில் எடுத்தாலும் ஒரே மாதிரி வரவேண்டும் என்று, பக்கத்தை முதலில் பிடிஎஃப் ஆக்கிவிட்டு அப்புறம் அச்செடுக்கும் வழியைக் கொண்டுவந்தாய். அதில் 'காலை' என்று அடித்தால் கொம்பு லகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. 'மேல்' என்பதில் கொம்பு தனியாகப் பிரிந்து, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வந்து உட்கார்ந்தது. "கொம்பு முறிஞ்ச மாடு மாரி கீது அக்கா நம்ம தமிழு" என்று தலையில் அடித்துக்கொண்டாய். உன் கம்பெனியில் இங்கிலீஷ் தாள்தான் போலிருக்கிறது. இந்த வம்பு உனக்கே புதிது. எந்த எழுத்துரு, எதைச் சேர்த்துக் கட்டினால் கொம்பு ஒழுங்காக நிற்கும் என்று யார் யாரிடமோ கேட்டாய். கடைசியில் ஒரு சாயங்காலம் 'காலை' காலையாகவே வந்தது. நீ அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடினாய். காட்ட ஆள் யாரும் இல்லை. எதிர்க்கடைப் பெரியவரிடம் காட்டிவிட்டு வந்தாய். அவர் "நல்லா இருக்குதும்மா" என்றாராம். எது என்று அவருக்குத் தெரியாது.

செல்வி ஊர் திரும்பி, இரத்தப் பரிசோதனைக்கு வந்த நாளில் புதுத் தாளை அவள் கையில் கொடுத்தாய். அவள் வாங்கிய வேகத்தில் நாலாக மடித்து, இன்னும் ஒரு மடிப்பு மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் செருகினாள். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆசை ஆசையாகச் செய்ததை இப்படிக் கசக்குகிறாளே என்று வருத்தமாக்கும் என்று நினைத்தேன். நீ அவளிடமிருந்து அந்தக் கவரை வாங்கி, ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தாய்.

"மடிப்பு விழற எடத்துல மை உதிர்ந்துடும் அக்கா. ஒரு மாசத்துல அந்த எடத்துல இருக்குற வரி அழிஞ்சே போயிடும். அவங்க மடிக்கத்தான் செய்வாங்க. மடிப்பு எங்க விழும்னு நாமதான் கண்டுபிடிச்சு, அங்க வெறும் எடமா வுடணும்."

பிறகு ஒவ்வொரு மடிப்புக்கும் மெல்லிய புள்ளிக்கோடு வந்தது. அந்தக் கோட்டில் எந்த மருந்தும் வராது. இதையெல்லாம் யாரும் கவனித்துப் பாராட்டவில்லை. பாராட்டும்படியாக ஒன்றும் கண்ணில் படாது. தப்பு நடக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் வந்த வருஷங்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நன்றாக இருந்த நாட்களில் சொல்வதற்குக் கதை கம்மி. வாரச்சந்தைக்குச் சேர்ந்து போனோம். என்னோடு படவேட்டுக்கு வந்து எங்கள் அம்மா கையால் சாப்பிட்டாய். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது எனக்குத் தலைசுற்றும். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, முன் சீட்டில் யாரோ விட்டுப்போன கல்யாணப் பத்திரிகையில் ஓரம் எங்கே கோணல், எழுத்து எங்கே நெருக்கல் என்று சொல்லிக்கொண்டே வருவாய். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நீ செய்துகொண்டு, ஒத்துவராமல் திரும்பி வந்தவள். இரண்டு பேருக்கும் அதைப் பற்றிப் பேசவேண்டிய தேவையே இருந்ததில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இப்போதுதான் தெரிகிறது.

வயிற்றில் வலி என்று நீ சொன்னதும் டாக்டரம்மா தாமதிக்காமல் வேலூருக்கு அனுப்பினார். கட்டி என்றார்கள். அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, மறுபடி முளைத்தது. அந்தக் குட்டை முடியோடு நீ கொஞ்ச காலம் வேலைக்கும் திரும்பினாய். பிறகு அது மறுபடி வந்தது. இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலூரில் சொன்னபோது நீ, "அப்ப வூட்டுக்குப் போலாம்" என்றாய். உன் அண்ணன் வீட்டுக்கு, நெல்லிவாசல்நாட்டுக்குப் போனாய்.

உன் மருந்துகளை எடுத்துக் கட்டியது நான்தான். உன் பெயரை அடித்து, பட்டனை அழுத்தினேன். சோதனைசாமிக்கு வந்த மாதிரி நீளமான பட்டியல். இயந்திரம் ஒரு தாளைத் தள்ளி, நின்று, இரண்டாவதைத் தள்ளியது. அதை எடுத்துக்கொண்டு ஷேர் ஜீப்பில் உங்கள் ஊருக்கு வந்தேன்.

நீ கட்டிலில் படுத்தபடி இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் மாத்திரைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா."

"சொல்லு."

"பாத்தியா, ஒரு வரிகூட ஒடையல."

அதில் உனக்கு எவ்வளவு பெருமை. நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

மாத்திரை கொடுத்தது செல்வி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் கறுப்புச் சூரியனும் நிலாவும் அவளுக்கு அத்துப்படி. விரலை வரிசையில் வைத்து, எதிர்க்கட்டத்துக்கு நகர்த்தி, எத்தனை உருண்டை வரைந்திருக்கிறதோ அத்தனை மாத்திரையை உள்ளங்கையில் எண்ணி எடுப்பாள். எடுத்தபின் மறுபடி ஒருமுறை விரலை வைத்துப் பார்ப்பாள். தனக்கு நடந்தது உனக்கு நடந்துவிடக்கூடாது என்று அவள் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆனால் நீ பார்த்தது வேறு.

அடுத்த ஞாயிறு நான் வந்ததுமே, "லேப்டாப்ப எடு" என்றாய்.

"ஏன்டி, இப்ப எதுக்கு?"

"நேத்து எனக்கு வலி வந்துச்சு. வலி வந்தா குடுக்குற மருந்து எதுன்னு அண்ணி தேடுது. ரெண்டாவது பக்கத்துல, அடீல கீது. அதுக்குக் கை ஒதறுது, எனக்கு உயிர் போவுது. வலி வந்தா தேடறதுக்கு நேரமில்ல அக்கா. அது மொத பக்கத்துல, உச்சில, தனிக் கட்டமா இருக்கணும். இத்தினி நாளா இது எனக்குத் தோணவே இல்ல பாரு. படுத்தாத்தான் தெரியுது."

தலையணையை முதுகுக்குக் கொடுத்து உன்னை உட்காரவைத்தோம். கொஞ்சம் தட்டுவாய். கண்ணை மூடிக்கொள்வாய். மறுபடி தட்டுவாய். படுத்துக்கொண்டு தாளைத் தலைக்குமேல் பிடித்துப் படித்தால் மெல்லிய எழுத்து வெளிச்சத்தில் கரைந்துபோகிறது என்று எழுத்தையும் தடிப்பாக்கினாய். உங்கள் ஊரில் சிக்னல் இல்லை. நீ மாற்றியதை லேப்டாப்போடு என் பையில் வைத்துக்கொண்டு நான் ஜீப்பில் இறங்குவேன். ஜமுனாமரத்தூரில் ஏற்றி, அச்செடுத்து, அடுத்த வாரம் கொண்டு வருவேன். நீ பார்த்துத் திருத்தம் சொல்வாய். இப்படியே சில ஞாயிறுகள் போயின. ஜீப்பில் அந்தப் பையை நான் மடியைவிட்டு இறக்கியதில்லை.

கடைசியாக நான் வந்தபோது உன்னால் தாளைப் பிடிக்க முடியவில்லை. செல்வி உன் முகத்துக்கு நேரே பிடித்தாள். நீ வெகுநேரம் பார்த்தாய். தூங்கிவிட்டாய் என்றே நினைத்தோம்.

"ரெண்டு மில்லி மேல தூக்கு அக்கா" என்றாய்.

"எத?"

"வலி கட்டத்த. மேல ரொம்ப எடம் வுட்டுட்டேன். கண்ணு மொதல்ல அந்த வெள்ளைக்குத்தான் போவுது."

"சரி. லேப்டாப் எடுக்கட்டா?"

நீ இல்லை என்று தலையை ஆட்டினாய். "நீயே தூக்கு" என்றாய்.

அந்த வாரமே நீ போய்விட்டாய். மழை விட்டிருந்த ஒரு பகல். செல்வி சொல்லித்தான் தெரியும். வலி இல்லாமல்தான் போனாயாம். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் அண்ணன் என்னைப் பார்த்ததும், "அக்கா வந்துட்ச்சு, எழுந்திரு" என்று உன்னிடம் சொன்னார். அதற்குமேல் அதை எழுத என்னால் ஆகாது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த நாளில், மதியம் கூட்டம் குறைந்ததும் உன் லேப்டாப்பைத் திறந்தேன். அதுவரை நான் அதில் ஒரு எழுத்தையும் தொட்டதில்லை. நீ தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். வரி வரியாக இறங்கினேன். எல்லாம் இங்கிலீஷ் சொற்களும் எண்களும். எது எதற்கு என்று தெரியாமல் ஓர் எண்ணை மாற்றி அச்செடுத்தால் நோயாளி பெயர் தாளுக்கு வெளியே ஓடியது. பழையபடி வைத்தேன். இன்னொன்றை மாற்றினேன், நிலாவெல்லாம் பூசணிக்காய் ஆனது. நர்சுகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் 'மேல் இடைவெளி' என்கிற பொருளில் ஒரு சொல், அதன் பக்கத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதைப் பத்து ஆக்கினேன். தாள் வந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கட்டம் மேலே ஏறியிருந்தது. நீ சொன்னது சரிதான். கண் நேராக அங்கேதான் போனது. அந்தத் தாளை மேஜையில் வைத்துக்கொண்டு, உன் வீட்டில் அழாத அழுகையெல்லாம் அங்கே அழுதேன்.

இது நடந்து காலம் ஆகிவிட்டது. உனக்குச் சொல்லவேண்டியது இந்த மழைக்காலத்துச் சேதி. மருத்துவமனைக்குப் புது மென்பொருள் வாங்கினார்கள். வெளியூர்க் கம்பெனி. கணக்கு, இருப்பு, பதிவு எல்லாம் ஒரே இடத்தில். நல்லதுதான், நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் மருந்துத் தாளை அச்செடுத்துப் பார்த்தால் பழைய கதையே திரும்பியிருந்தது. எழுத்து பொடி. பட்டியல் நடுவில் பிளந்து, பாதி வரி அடுத்த பக்கத்தில். அந்தக் கம்பெனிப் பையனுக்குப் போன் செய்தேன். மரியாதையான பையன்தான்.

"மேடம், ஸ்கிரீன்ல கரெக்டா தெரியுதுங்களே?"

"தெரியுது. அந்த ஸ்கிரீன கழட்டிக்கினு அவங்க வூட்டுக்குப் போக முடியாது தம்பி. இந்தப் பேப்பர்தான் போவும்."

"அடுத்த அப்டேட்ல பாக்கலாங்க மேடம். சின்ன விஷயந்தானே."

உனக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்பவள். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ. "சின்ன விஷயமா? இன்னா சின்ன விஷயம்? ஒரு பொம்பள இந்த ஒடஞ்ச வரியால மூக்குல ரத்தம் ஒழுக வேலூருக்குப் போயி, பொழச்சி வந்துச்சு. சரி பண்ணாம ஒரு பேப்பர்கூட இந்த ஜன்னல தாண்டாது. அதுவரிக்கும் பழசுலதான் குடுப்பேன். எப்பிடிப் பண்ணணும்னு உங்களுக்குத் தெரியலன்னா நான் அனுப்பறேன், பாத்து எழுதிக்கோங்க" என்று அடித்தொண்டையில் கத்திவிட்டு போனை வைத்தேன். டாக்டரம்மா அறையைவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார். உள்ளே அவர் சிரித்தது கேட்டது.

நீ எழுதிய ஃபைலை அப்படியே அவர்களுக்கு அனுப்பினேன். அந்தப் பையன் இரண்டு நாள் கழித்து அவனாகவே கூப்பிட்டான். "மேடம், இத எழுதுனவங்ககிட்ட கொஞ்சம் பேச முடியுங்களா? மடிப்புக்கு எடம் வுட்ருக்காங்களே, இத நான் எங்கயும் பாத்ததில்ல" என்றான். நான், "முடியாதுப்பா. எதுன்னாலும் என்னக் கேளு" என்றேன். கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைச் சேர்ந்து தேடினோம். இப்போது அந்த மென்பொருளை வாங்குகிற மற்ற மருத்துவமனைகளுக்கும் நீ செய்த தாளேதான் போகிறதாம். எந்தெந்த ஊர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கேயோ யாரோ உன் கோட்டில் மடிக்கிறார்கள்.

நான் கத்திய அன்றைக்குச் செல்வி இரத்தப் பரிசோதனைக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஜன்னலண்டை வந்து நின்றாள். அவள் முகத்தில் என்னவோ மாதிரி ஒரு பார்வை.

"இன்னா செல்வி, பயந்துட்டியா?"

"இல்லக்கா. எங்க வூட்ல வெங்காயத்த கோணலா அரிஞ்சா அவ இப்பிடித்தான் கத்துவா. நீ கத்துனது அச்சு அசல் அவளாட்டமே இருந்துச்சு. நான் ஒரு நிமிஷம் வாசப்பக்கம் திரும்பிப் பாத்துட்டேன்."

வெங்காயம் அரிவதைப்பற்றி நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுகூடப் பாராமல் சிரித்தோம். நீ போனதற்கு அப்புறம் உன்னைப் பற்றிப் பேசி நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதில் பாதி மறந்துபோகும். அந்த எண்களும் சொற்களும் நாளைக்கே மாறலாம். ஆனால் அந்தக் கோபம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை, உன்னிடமிருந்து வந்தது. யாரையும் நோகடிக்காத, ஆனால் சின்ன விஷயம் என்று யாரையும் சொல்லவிடாத கோபம். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுப்பதில்லை. எடுக்கிற அன்றைக்கு நீ என் பக்கத்தில்தான் இருக்கிறாய்.